நடுச்செவியின் மூன்று எலும்புகள்

வகுப்பறையின் பின்வரிசையில் ஒரு மாணவன் அமர்ந்திருக்கிறான். பெயர் சொல்லி அழைத்தால் இரண்டாம் அல்லது மூன்றாம் முறையிலேதான் திரும்புகிறான். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் அவனுக்குப் பிழை நேர்வதில்லை. சொல்வதை எழுதும்போது பிழைகள் மலிகின்றன. சளி பிடித்த நாள்களில் மந்தம் மிகுகிறது. சில வாரங்களில் சற்றே தெளிகிறது. பள்ளியில் அவனுக்குக் 'கவனமற்றவன்' என்று பெயர். வீட்டில் 'சொன்ன சொல் கேளாதவன்' என்று பெயர். உண்மையிலேயே அவன் சொன்ன சொல்லைக் கேளாதவன்தான். ஆயின் குற்றம் அவன் மனத்தில் இல்லை. காதினுள்ளே, ஒரு பட்டாணி கொள்ளும் அளவேயுள்ள ஒரு சிற்றறையில் இருக்கிறது.

அந்தச் சிற்றறையே நடுச்செவி. மூன்று நுண்ணிய எலும்புகள் அதனுள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன. அவை வெளியுலகின் ஒலியை உட்செவிக்குக் கடத்துகின்றன. அவற்றுக்குப் பழுது நேர்ந்தால் கேட்கும் நரம்பு நலமாக இருந்தும் ஒலி அதனை எட்டுவதில்லை. கேளாமை என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இருவகைப்படும். ஒன்று, ஒலியைக் கடத்தும் வழியில் ஏற்படும் தடை. மற்றொன்று, ஒலியை உணரும் உறுப்பிலேயே ஏற்படும் அழிவு. உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் கடத்தும் வழியின் பழுது ஒரு பொறியின் பழுதைப் போன்றது. பெரும்பாலும் அதனைச் சீர்செய்யலாம். சீர்செய்ய இயலாதபோதும் கருவியின் உதவியால் ஈடு செய்யலாம். அதற்கு முதற்படி, பழுது இருப்பதைக் கண்டறிவது. அதனை முதலில் காணும் வாய்ப்பு மருத்துவரைவிட ஆசிரியருக்கும் கிராமந்தோறும் செல்லும் சுகாதாரப் பணியாளருக்கும் மிகுதி.

காற்றிலிருந்து நீருக்கு

ஒருவர் கிணற்றில் மூழ்கியிருக்கும்போது கரையிலிருந்து எவ்வளவு உரக்கக் கூவினாலும் அவர் காதில் தெளிவாக விழாது. காற்றில் வரும் ஒலியலைகள் நீர்ப்பரப்பில் மோதி, ஏறக்குறைய முழுமையுமாகத் திரும்பிவிடுகின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றலே நீருக்குள் புகுகிறது. காற்று எளிதில் அசையும். நீரோ அசைவதற்கு மிகுந்த அழுத்தத்தை வேண்டும். இதுவே காரணம்.

நம் காதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. ஒலியை உணரும் மயிரணுக்கள் உட்செவியில், நத்தையின் கூடு போலச் சுருண்ட காக்ளியா என்னும் குழலுக்குள், நீர்மத்தில் அமைந்துள்ளன. புறச்செவியில் வந்து சேர்வதோ காற்றின் அதிர்வு. இடையே ஓர் ஏற்பாடு இல்லையெனில் நாம் அனைவரும் நீருக்குள் மூழ்கியவரைப் போலவே உலகைக் கேட்போம். அந்த ஏற்பாடே செவிப்பறையும் அதனுடன் இணைந்த மூன்று எலும்புகளும்.

இந்த ஏற்பாடு இரு வழிகளில் அழுத்தத்தைப் பெருக்குகிறது. வகுப்பறைப் பலகையில் தாளைக் குத்தும் 'டிராயிங் பின்'னை நினைத்துப் பாருங்கள். அதன் அகன்ற தலையில் விரலால் மெல்ல அழுத்துகிறோம். விசை முழுவதும் கூரிய முனையில் குவிவதால் அது பலகையைத் துளைக்கிறது. செவிப்பறையின் அதிரும் பரப்பு ஏறத்தாழ 55 சதுர மில்லிமீட்டர். மூன்றாம் எலும்பின் அடித்தட்டு பொருந்தியுள்ள நீள்வட்டச் சாளரத்தின் பரப்போ சற்றேறக்குறைய 3.2 சதுர மில்லிமீட்டர். ஆகவே பறையில் விழும் விசை சாளரத்தில் 17 மடங்கு அழுத்தமாகிறது. இதற்கு மேல், முதலிரு எலும்புகளும் நெம்புகோல் போல இயங்கி 1.3 மடங்கு பெருக்கத்தைத் தருகின்றன. இரண்டையும் சேர்த்தால் அழுத்தம் ஏறக்குறைய 22 மடங்காகிறது. ஒலியின் அளவையில் இது சுமார் 27 டெசிபெல். நீர்ப்பரப்பில் இழக்கக் கூடிய 30 டெசிபெல்லில் பெரும் பகுதியை இச்சிறு பொறி மீட்டுத் தருகிறது. நெம்புகோலையும் அழுத்தத்தையும் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அது ஒவ்வொரு மாணவனிடத்தும் இருக்கிறது.

சுத்தி, பட்டடை, அங்கவடி

மூன்று எலும்புகளும் தம் வடிவத்தால் பெயர் பெற்றவை. செவிப்பறையில் பதிந்துள்ளது சுத்தி எலும்பு. அதன் தலையோடு பொருந்தி நடுவே நிற்பது பட்டடை எலும்பு. கொல்லரின் பட்டடையைப் போன்றது எனக் கருதி இப்பெயர் இட்டனர். பட்டடையின் நீண்ட கால் கீழ்நோக்கி இறங்கி, குதிரைச் சேணத்தின் அங்கவடியை அப்படியே ஒத்த மூன்றாம் எலும்பைத் தொடுகிறது. இந்த அங்கவடி எலும்பே நம் உடலின் மிகச் சிறிய எலும்பு. நீளம் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. எடை ஏறத்தாழ 3 மில்லிகிராம். ஓர் அரிசி மணி இதனைவிடப் பல மடங்கு கனமானது.

சுத்தியையும் பட்டடையையும் இத்தாலிய உடற்கூற்றறிஞர்கள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். அங்கவடியோ அவர்கள் கண்ணுக்கும் தப்பியது. நேப்பிள்ஸ் நகரில் இங்கிராசியா 1546இல் அதனைக் கண்டறிந்தார்.

இவ்வெலும்புகளுக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. பிறக்கும்போதே அவை ஏறக்குறைய முழு வளர்ச்சி பெற்றிருக்கின்றன. கைகால் எலும்புகளைப் போல அவை குழந்தையுடன் வளர்வதில்லை. தொட்டிலில் கிடக்கும் மகவின் அங்கவடியும் அதன் பாட்டனின் அங்கவடியும் அளவில் ஒன்றே.

பறவைகளுக்கும் பல்லி, தவளை முதலியவற்றுக்கும் நடுச்செவியில் ஒரே எலும்புதான் உண்டு. செவிப்பறையிலிருந்து உட்செவி வரை ஒரு தூணைப் போல அது நீண்டிருக்கிறது. பாலூட்டிகளுக்கு மட்டுமே மூன்று. கூடுதலான இரண்டும் முன்னோரான ஊர்வன உயிர்களின் தாடை மூட்டு எலும்புகளிலிருந்து உருமாறி வந்தவை. ஜெர்மன் உடற்கூற்றறிஞர் ரைக்கர்ட் 1837இல் கருவளர்ச்சியை ஆராய்ந்து இந்தத் தொடர்பைக் காட்டினார். ஒரே தூணைக் கொண்டு பறவை நன்றாகவே கேட்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். அறுவை மருத்துவர் பின்னாளில் இதனையே முன்மாதிரியாகக் கொண்டனர்.

நடுச்செவியில் காற்று நிறைந்திருக்க வேண்டும். அக்காற்று மூக்கின் பின்புறத்திலிருந்து யூஸ்டேஷியன் குழலின் வழியாக வருகிறது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அக்குழல் திறந்து மூடுகிறது. குழந்தைகளுக்கு இக்குழல் குறுகிய நீளமும் படுக்கைவாட்டமும் உடையது. மூக்கிலும் தொண்டையிலும் தோன்றும் தொற்று காதுக்கு எளிதில் ஏறுவது இதனால்தான்.

சங்கிலி குலையும் வழிகள்

எலும்புச் சங்கிலி இருவகையில் கெடும்: அறுந்து போகலாம், அல்லது அசையாமல் இறுகிப் போகலாம். இவ்விரண்டும் நேரும் வழிகள் நான்கு.

முதலாவது, நாட்பட்ட சீழ். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. சளியைத் தொடர்ந்து நடுச்செவியில் சீழ் கட்டி, பறையைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. உரிய சிகிச்சை பெறாதபோது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒழுகுகிறது. 'குழந்தைக்குக் காது ஒழுகுவது இயல்பு. வளர்ந்தால் நின்றுவிடும்' என்று சொல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இது தவறான எண்ணம். சீழ் ஒழுகும் காலமெல்லாம் எலும்புகள் அரிக்கப்படலாம். முதலில் அரிக்கப்படுவது பெரும்பாலும் பட்டடையின் நீண்ட கால். அதன் நுனிக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு. ஆகவே அழற்சியைத் தாங்கும் வலிமையும் குறைவு. அது கரைந்தால் அங்கவடியுடன் உள்ள தொடர்பு அறுகிறது. சில காதுகளில் பறையின் தோல் உள்நோக்கி வளர்ந்து பையாகி, சுற்றியுள்ள எலும்பைத் தின்னத் தொடங்கும். கொலஸ்டியடோமா என்னும் இந்நோய் மிகக் கொடியது. இதில் ஒழுக்கு சிறிதாகவும் நாற்றம் பெரிதாகவும் இருக்கும். இது முகநரம்பையும் மூளையுறையையும் எட்டக் கூடும்.

இரண்டாவது, அடி. வண்டியிலிருந்து விழுந்து தலையில் காயம் படும்போது எலும்புகள் இடம் பெயரலாம். சுத்தியைப் பறை பற்றிக்கொண்டிருக்கிறது. அங்கவடியைச் சாளரத்தின் விளிம்பு நாரும் ஒரு தசையும் பற்றிக்கொண்டிருக்கின்றன. நடுவிலுள்ள பட்டடைக்குத்தான் பிடிப்புக் குறைவு. ஆகவே பெரும்பாலும் அதுவே நழுவுகிறது. கன்னத்தில் அறையும் கை காதின் மேல் விழுந்தால், துளையில் அடைபட்ட காற்று பறையைக் கிழிக்கும். அரிதாக எலும்புகளையும் அசைத்துவிடும். காதுக்கருகே வெடிக்கும் பட்டாசும் அவ்வாறே. பேரொலி எழும்போது அங்கவடியின் சிறு தசை சுருங்கி ஒலியைத் தணிக்கும். ஆனால் அது சுருங்கச் சிறிது நேரம் வேண்டும். வெடியொலி அதற்கு முன்னரே உள்ளே சென்றுவிடுகிறது.

மூன்றாவது, பிறவிக் குறை. சில குழந்தைகளுக்குக் காது மடல் சிறுத்து, துளையே இன்றிப் பிறப்பு நேர்கிறது. அத்தகைய காதுகளில் சுத்தியும் பட்டடையும் ஒன்றாக ஒட்டிக் கிடப்பது உண்டு. ஆயினும் உட்செவி கருவில் வேறொரு மூலத்திலிருந்து தோன்றுவதால் அது பெரும்பாலும் நலமாகவே இருக்கும். 'துளையில்லாக் காது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று பெற்றோர் மனம் தளர வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

நான்காவது, அங்கவடி இறுகுதல். ஓட்டோஸ்கிளிரோசிஸ் எனப்படும் இந்நோயில் நீள்வட்டச் சாளரத்தைச் சுற்றியுள்ள எலும்பு முதலில் பஞ்சு போலாகி, பின்னர் கெட்டியாகி, அங்கவடியின் அடித்தட்டை அசையாமல் பிணைத்துவிடுகிறது. இங்கே சீழ் இல்லை, வலி இல்லை. பறையைப் பார்த்தால் அது நலமாகவே தோன்றும். பெரும்பாலும் 20, 30 வயதுகளில் மெல்லத் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு மிகுதி; குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. வியன்னா மருத்துவர் பொலிட்சர் 1893இல் இதனைத் தனி நோயாக எடுத்துக் காட்டினார். இந்நோயாளரிடம் இரண்டு விந்தைகளைக் காணலாம். தம் குரல் எலும்பின் வழியாகத் தமக்கு நன்கு கேட்பதால் அவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவர். அமைதியான அறையைவிட ஓடும் பேருந்திலும் சந்தை இரைச்சலிலும் பிறர் பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்பர். இரைச்சலில் பிறர் தம் குரலை உயர்த்துகின்றனர். அந்த இரைச்சலோ இவர்களை அவ்வளவாகத் தாக்குவதில்லை. 'மருமகள் வாய் திறந்து பேசுவதில்லை, கூப்பிட்டாலும் வருவதில்லை' என்று குறை கூறும் வீட்டில் பணியாளர் இந்நோயையும் நினைவு கூர்தல் வேண்டும்.

எவ்வளவு இழப்பு?

டெசிபெல் கணக்கு முதலில் மயக்கம் தரும். 20 டெசிபெல் இழப்பு என்றால் ஒலியின் அழுத்தம் பத்தில் ஒன்றாகிறது. 40 என்றால் நூற்றில் ஒன்று. 60 என்றால் ஆயிரத்தில் ஒன்று. மெல்லிய கிசுகிசுப்பு சுமார் 30 டெசிபெல். எதிரில் நின்று இயல்பாகப் பேசுவது சுமார் 60. ஆகவே 30 டெசிபெல் இழந்த மாணவனுக்கு இயல்பான பேச்சு முழுவதும் கிசுகிசுப்பாகவே கேட்கிறது. ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பிப் பேசும்போது அதுவும் மறைகிறது. நடுச்செவியில் நீர் தேங்கினாலே இந்த அளவு இழப்பு நேரலாம். பறை கிழிந்து சங்கிலியும் அறுந்தால் இழப்பு 40 முதல் 50 வரை செல்லும்.

பறை நலமாக இருந்து, உள்ளே சங்கிலி மட்டும் அறுந்தால் இழப்பு குறைவாக இருக்கும் என்று நாம் நினைப்போம். உண்மை இதற்கு மாறானது. அப்போது இழப்பு 60 டெசிபெல்லை எட்டுகிறது. கிழிந்த பறையின் வழியே சிறிது ஒலியேனும் சாளரத்தை அடையும். முழுப் பறையோ மூடிய கதவு போல அதனையும் தடுக்கிறது. ஆகவே காதுக்குள் விளக்கைக் காட்டி, 'பறை நன்றாக இருக்கிறது, பிழையில்லை' என்று சொல்லிவிட இயலாது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பட்டடையின் கால் கரைந்த இடத்தை நோய்த்திரளே நிரப்பி, ஒலியைக் கடத்தும் பாலமாக நிற்பதுண்டு. அக்காது ஓரளவு நன்றாகவே கேட்கும். 'நன்றாகக் கேட்கிறதே, ஏன் மருத்துவரிடம் போக வேண்டும்?' என்று வீட்டார் கேட்பர். கேட்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. நாற்றமுள்ள ஒழுக்கு இருந்தால் கேட்டல் எவ்வாறு இருப்பினும் மருத்துவரிடம் அனுப்பியே ஆக வேண்டும்.

இசைக்கவையின் சாட்சி

பழுது கடத்தும் வழியிலா, உணரும் உறுப்பிலா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. இதனை வாசகர் தம்மிடமே முதலில் சோதித்துக்கொள்ளலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்' என்ற ஒலியை நீட்டுங்கள். இப்போது ஒரு காதை விரலால் அடையுங்கள். அடைத்த காதில் ஒலி குறைய வேண்டும் அன்றோ? அவ்வாறின்றி அடைத்த காதிலேயே ஓங்கிக் கேட்கிறது. குரலின் அதிர்வு மண்டையோட்டின் வழியாக நேரே உட்செவியை அடைகிறது. வழி அடைபட்ட காதில் அது வெளியேறவும் இடமின்றி, புற ஒலிகளின் குறுக்கீடும் இன்றி மிகுந்து ஒலிக்கிறது.

லைப்சிக் நகரின் வேபர் 1834இலும் கெட்டிங்கன் நகரின் ரின்னே 1855இலும் இந்த உண்மையை வைத்து இரு சோதனைகளை விளக்கினர். உயர்நிலைப் பள்ளியின் பௌதிக ஆய்வகத்தில் உள்ள, வினாடிக்கு 512 முறை அதிரும் இசைக்கவை இவற்றுக்குப் போதும். கவையை முழங்கையிலோ ரப்பர் அட்டையிலோ மெல்லத் தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைக்க வேண்டும். பின்னர் அதிரும் நுனியைக் காதுத் துளைக்கு முன்னே பிடிக்க வேண்டும். எங்கே உரக்கக் கேட்கிறது என்று வினவ வேண்டும். நலமான காதுக்குத் துளைக்கு முன்னே பிடிக்கும்போதுதான் மிகுதியாகக் கேட்கும். எலும்புச் சங்கிலி காற்றொலியைப் பெருக்கித் தருவதால். எலும்பில் வைத்தபோதே மிகுதி என்றால் நடுச்செவியில் தடை உண்டெனக் கொள்ளலாம். இது ரின்னே சோதனை. கவையை நெற்றியின் நடுவில் வைத்து எக்காதில் கேட்கிறது எனக் கேட்பது வேபர் சோதனை. ஒரு காதில் மட்டும் கடத்தல் தடை இருந்தால் ஒலி அந்தக் காதுக்கே சாயும்.

இச்சோதனைகளுக்கும் எல்லை உண்டு. ஒரு காதின் உட்செவி முற்றிலும் அழிந்திருந்தால், எலும்பில் வைத்த கவையின் ஒலியை மறுகாது கேட்டு நம்மை ஏமாற்றக் கூடும். சிறிய இழப்பை இசைக்கவை காட்டுவதில்லை. ஆகவே இவை ஐயத்தை எழுப்புவதற்கேயன்றி முடிவு கூறுவதற்கல்ல. முடிவைச் செவித்திறன் அளக்கும் ஆடியோமீட்டரும் மருத்துவரும் கூறுவர்.

அங்கவடியின் கதை

இறுகிய அங்கவடியை விடுவிக்கும் முயற்சி நீண்ட வரலாறு உடையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் மருத்துவர் கெஸ்ஸல் அதனை அசைத்து விடவும் அகற்றவும் முயன்றார். தொற்றைத் தடுக்கும் மருந்துகளோ, பெருக்கிக் காட்டும் கருவியோ, போதிய ஒளியோ இல்லாத காலம் அது. காதின் வழியே தொற்று மூளைக்குப் பரவும் அச்சம் இருந்தது. ஆகவே அக்காலத்துப் பெரியோர் இம்முயற்சியைக் கண்டித்துக் கைவிடச் செய்தனர். அரை நூற்றாண்டு காலம் அங்கவடியை எவரும் தொடத் துணியவில்லை.

1938இல் நியூயார்க்கில் லெம்பர்ட் வேறு வழி கண்டார். இறுகிய சாளரத்தை விட்டுவிட்டு, உட்செவியின் மற்றொரு பகுதியில் புதுச் சாளரம் திறந்தார். கேட்டல் ஓரளவு மீண்டது. 1952இல் அதே நகரில் ரோசன் என்ற மருத்துவர், அத்தகைய அறுவைக்கு முன்னர் அங்கவடி உண்மையிலேயே இறுகியுள்ளதா என்று கருவியால் தொட்டுப் பார்த்தார். காதை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்ததால் நோயாளி விழிப்புடன் இருந்தார். அங்கவடி சற்றே அசைந்ததும், தமக்குக் கேட்கிறது என்று நோயாளி கூறினார். எதிர்பாராது கிடைத்த இவ்வெற்றி மறந்துபோன பாதையை மீண்டும் திறந்தது. ஆயினும் அசைத்து விட்ட அங்கவடி பலருக்கு மறுபடியும் இறுகியது. 1956 மே மாதத்தில் மெம்பிஸ் நகரில் ஷே என்பவர் அங்கவடியையே அகற்றினார்; சாளரத்தை நோயாளியின் சிரைத் துண்டால் மூடி, டெஃப்லானால் செய்த செயற்கை அங்கவடியைப் பொருத்தினார். இன்று எலும்பை முழுவதும் அகற்றாமல், அடித்தட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையிட்டு அதில் மெல்லிய தண்டு ஒன்றைப் பொருத்துகின்றனர். தேர்ந்த கைகளில் 100 பேரில் ஏறத்தாழ 90 பேருக்குக் கடத்தும் வழியின் தடை பெரும்பாலும் நீங்குகிறது. 100 பேரில் ஒருவருக்கோ அதனினும் குறைவானவருக்கோ, அறுவை செய்த காதின் கேட்டல் முற்றிலும் போய்விடுவதும் உண்டு. ஆகவே இரு காதுகளிலும் ஒரே நாளில் அறுவை செய்வதில்லை. அறுவையை விரும்பாதவருக்குக் கேட்புக் கருவி நல்ல பயன் தரும்.

சீழால் அரிக்கப்பட்ட எலும்புகளுக்கும் 1950களில் வழி பிறந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த வுல்ஸ்டைன், சோல்னர் ஆகிய இருவரும் அறுவை நுண்ணோக்கியின் துணையால் கிழிந்த பறையையும் குலைந்த சங்கிலியையும் மீட்டமைக்கும் முறைகளை வகுத்தனர். அவற்றுள் ஒன்று, சுத்தியும் பட்டடையும் அழிந்த காதில் புதிய பறையை நேராக அங்கவடியின் தலைமேல் அமர்த்துவது. மூன்றெலும்புக் காது அதன்பின் பறவையின் ஓரெலும்புக் காதைப் போல இயங்குகிறது. சில காதுகளில் பறை தானே சரிந்து அங்கவடியில் ஒட்டி, இயற்கையே இம்மருத்துவத்தைச் செய்து முடிப்பதும் உண்டு. நோயாளியின் பட்டடை எலும்பையே செதுக்கி இடைவெளியில் வைப்பதும், டைட்டானியத்தால் செய்த சிறு தூண்களைப் பொருத்துவதும் இன்று நடைமுறையில் உள்ளன. துளையில்லாக் காதுடன் பிறந்த குழந்தைக்கு, தலையில் பட்டை போலக் கட்டி எலும்பின் வழியே ஒலியைச் செலுத்தும் கருவியைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே அணிவிக்கலாம். பேச்சைக் கற்கும் முதல் ஆண்டுகள் வீணாகாமல் இது காக்கிறது.

நாம் செய்யத் தக்கவை

இத்தகைய அறுவைகள் பெரிய மருத்துவமனைகளில் நடப்பவை. அவற்றின் தேவையே எழாமல் காப்பதும், தேவையுள்ளோரைக் காலத்தில் அனுப்புவதும் கிராமத்திலும் பள்ளியிலும் நடக்க வேண்டிய பணிகள்.

ஆசிரியர் ஐயுற்ற மாணவனை இரண்டு அடி தொலைவில் நிறுத்தி, பின்புறமிருந்து, ஒரு காதை அடைத்துக்கொள்ளச் செய்து, கிசுகிசுத்த குரலில் சில எண்களையும் எழுத்துகளையும் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்யலாம். இரு காதுகளையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். முகம் பார்த்தால் உதட்டசைவைப் படித்துவிடுவான். ஆதலால் பின்புறமிருந்து சொல்வது இன்றியமையாதது. சளி உள்ள நாளில் தவறினால் சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்கலாம். சிகிச்சை நடைபெறும் வரை அவனை முன்வரிசையில், நன்கு கேட்கும் காது ஆசிரியரை நோக்கும்படி அமர்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை. பள்ளியில் உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடை செய்துவிட்டது. கேளாத காரணத்தால் அடிபடும் மாணவனுக்கு, அந்த அடியே நல்ல காதையும் கெடுத்துவிடலாம் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

காது ஒழுகும் குழந்தையின் தாய்க்குப் பணியாளர் கற்றுத் தரக் கூடியவை சில. தூய பருத்தித் துணியைத் திரியாகத் திரித்து, காதில் மெல்ல வைத்து, நனைந்ததும் மாற்ற வேண்டும். திரி உலர்ந்து வரும் வரை இதனை நாளுக்கு மூன்று முறையேனும் செய்தல் நன்று. குளிக்கும்போது காதில் நீர் புகாமல் காக்க வேண்டும். குளத்தில் மூழ்குவதைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சிய எண்ணெய், இலைச்சாறு முதலியவற்றை ஊற்றலாகாது. தீக்குச்சியாலும் கொண்டை ஊசியாலும் குடைதல் கூடாது. கடையில் கிடைத்த சொட்டு மருந்தைத் தாமே விடுவதும் தீது. சில மருந்துகள் கிழிந்த பறையின் வழியே சென்று உட்செவியைக் கெடுக்கும். மீளக் கூடிய குறை அப்போது மீளாக் குறையாகிவிடும். மருத்துவர் தரும் சொட்டு மருந்தையே பயன்படுத்த வேண்டும்.

ஒழுக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், நாற்றம் இருந்தாலும் காது மருத்துவரிடம் அனுப்புக. காதின் பின்புறம் வீங்குதல், கடுங்காய்ச்சல், தலைவலியுடன் வாந்தி, தலைசுற்றல், முகம் ஒருபுறம் கோணுதல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்புக. தலையில் அடிபட்ட பின் காதில் இரத்தம் வந்தால் எதையும் உள்ளே விடாமல் அனுப்புக. விபத்து நேர்ந்து சில வாரங்கள் ஆகியும் கேட்டல் மீளாவிடில் பட்டடை நழுவியிருக்கக் கூடும் என ஐயுற்றுச் சோதிக்கச் செய்க.

வருமுன் காத்தலும் அரிதன்று. மகவைப் படுக்கவைத்துப் புட்டிப் பால் ஊட்டாமை, தாய்ப்பால் தருதல், அடுப்புப் புகையிலிருந்தும் புகையிலைப் புகையிலிருந்தும் குழந்தையைக் காத்தல், தட்டம்மைத் தடுப்பூசியையும் நிமோனியாவைத் தடுக்கும் தடுப்பூசியையும் காலத்தில் போடுதல் ஆகிய யாவும் காதைக் காக்கும் செயல்களே.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குழந்தைகளிடம் காணும் கேட்டல் இழப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு தவிர்க்கத் தக்கது. நம் நாட்டில் கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007இல் 25 மாவட்டங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிந்தது. 2013இல் தொடங்கிய குழந்தை நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளையும் அரசுப் பள்ளிகளையும் தேடிச் செல்கின்றன. ஆயினும் ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் குழு காணாததை, நாள்தோறும் காணும் ஆசிரியர் காண முடியும். ஐயமுள்ள மாணவரின் பெயர்ப் பட்டியலைக் குழு வரும் நாளுக்கு முன்பே எழுதி வைத்திருப்பது பெரும் உதவி.

பின்வரிசை மாணவனிடம் மீண்டும் செல்வோம். அவனுடைய உட்செவி நலமாக இருக்கலாம்; நரம்பும் அறிவும் நலமாக இருக்கலாம். இடையே 3 மில்லிகிராம் எடையுள்ள ஓர் எலும்பும், அதனை எட்ட வேண்டிய மற்றொரு எலும்பின் நுனியும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன, அவ்வளவே. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதனைக் காணாமல் விட்டால் அவன் படிப்பை இழப்பான். நாளை காலை வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அழைக்கும்போது, முகத்தைப் பதிவேட்டால் மறைத்துக்கொண்டு, குரலைச் சற்றே தாழ்த்தி அழைத்துப் பாருங்கள்.